பையைக் கவிழ்த்துக் காட்டு

எலி நாளில் எங்கள் ஊரில் யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை.
உருளைக்கிழங்குத் தோட்டத்துச் சுவர்களை
நாயோடும் மண்வெட்டியோடும்
கல் கல்லாகப் பிரிப்போம்.
மாலையில் வால்களை எண்ணுவோம்.
நீளமான வாலுக்குப் பரிசு உண்டு.
போன வருடம் டெஸ்மண்ட் வாங்கினான்,
ஒரு சாணுக்கு மேல் ஒரு விரல்.

பாறையில் மோதிய கப்பலிலிருந்து
கரையேறி வந்தவற்றின் வாரிசுகள் இவை.
அதற்கு முன் இங்கே ஒரு கோழி இருந்தது.
பறக்கத் தெரியாதது.
எலிதான் தின்று தீர்த்தது என்று சொன்னால்
என் நாக்கு அழுகிவிடும்.
பூனையும் தின்றது. நாங்களும் தின்றோம்.
ருசி எப்படி என்று சொல்லக்கூட
இன்று ஆளில்லை.

மேகம் விலகும் நாட்களில்
தென்மேற்கே ஒரு தீவு தெரியும்,
மூடிவைத்த பெட்டிபோல்.
அணுக முடியாத தீவு.
பெயர் வைத்த மாலுமி எரிச்சலில் இருந்திருப்பான்.
அங்கே மேட்டுப் புல்லுக்கடியில்
எலி நுழைந்திராத சந்துகளில்
ஓடித் திரிகிறது ஒரு பறவை.
கோழிக்குஞ்சளவு. சிவந்த கண்.
இறக்கை இருக்கிறது,
பேருக்கு.

நான் பார்த்ததில்லை.

என் வேலை துறைமுகக் கொட்டகையில்.
வெள்ளைத் துணி விரித்த மேசை, டார்ச், இடுக்கி,
இருமும் ஒரு வேக்குவம் கிளீனர்.
சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டு என்பேன்.
பாதிரியாரிடமும் அதைத்தான் சொன்னேன்.
காலுறைப் பின்னலில் ஒற்றைப் புல்விதை,
பூட்ஸ் பள்ளத்தில் எங்கள் தோட்டத்து மண்.
“கார்லீன், உள்ளாடையையும் பார்ப்பாயா?”
பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் லிண்டேகா வந்தாள்,
கேப் டவுனிலிருந்து ஏழு நாள்
வாந்தியெடுத்தபடி.
பதினொரு வருடமாக
அந்தப் பறவையை ஒலிப்பதிவில் மட்டும் அறிந்தவள்.
பதினெட்டு நாள் காற்று அடங்கவில்லை.
பத்தொன்பதாம் காலை
கடல் எண்ணெய்போல் படிந்தது. மணி அடித்தார்கள்.

ஆறாவது பெட்டி.
கூடாரத் துணி மடிப்பில்
துருவிப்போட்ட காகிதம்.
நான்கு புழுக்கை, சீரகம்போல்.
தொட்டேன்.
ஒன்றில் ஈரம் காயவில்லை.

“இதை மட்டும் விட்டுவிட்டுப் போகலாமே”
என்றான் டெஸ்மண்ட். என் தம்பி. படகு அவனுடையது.
நேற்று இந்தப் பெட்டி எங்கே இருந்தது என்றேன்.
அவன் கடலைப் பார்த்தான்.
படகில் ஏற்றி, மழை என்று மறுபடி இறக்கிய பெட்டி.
லிண்டேகா எதுவும் கேட்கவில்லை.
தோளில் மாட்டிய பையை
மெதுவாகக் கழற்றித் தரையில் வைத்தாள்.

படகைக் கரையேற்றி
பலகை பலகையாகக் கழற்ற மூன்று நாள்.
கடலோ மதியத்துக்குள் மாறிவிட்டது,
அந்தப் பருவத்துக்கு அதோடு சரி.
சுண்டெலி அகப்படவில்லை.
இருந்ததா என்றே தெரியாது.
எலிவால் பரிசுக்காரன்
இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
அவன் மனைவி ரொட்டி அனுப்பினாள்,
வழக்கத்தைவிடச் சிறியதாக.

கப்பலேறும் அன்று
லிண்டேகா கொட்டகைக்கு வந்தாள்.
திட்டட்டும் என்று நின்றேன்.
ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள்.
காற்று. புல். காற்று.
நெடுநேரம் அவ்வளவுதான்.
பிறகு
தையல் எந்திரம் ஒன்று
அடக்க மாட்டாமல் சிரித்தாற்போல்.
இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்புகிறவர்களைச்
சோதிப்பதில்லை என்று சொல்லியும்
அவள் தன் பைகளைக் கவிழ்த்துக் காட்டினாள்:
ஒரு பொத்தான், பாதி மாத்திரை அட்டை,
கொஞ்சம் எங்கள் மண்.